தண்ணீர் வந்ததில்லை என்று சொன்ன மதினிக்கு

என் ஆசை மதினி,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "மதினி, பொய் சொல்லாதீங்க. போன கார்த்திகையில அந்த ஓடையிலதான நாம ரெண்டு பேரும் தோணி விட்டோம்." இவ்வளவுதான். பருத்தி மூட்டைகள் வைக்கும் நம் வீட்டுக் கிட்டங்கியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வேப்பமரத்தடியில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நான் சொல்ல வேண்டியது முழுவதும் வாய்க்குள் தயாராக இருந்தது. அதற்குள் நீங்கள் சத்தியத்துக்காக நெற்றியில் புற்றுமண்ணை இட்டுக்கொண்டு, "நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அந்த ஓடையில ஒரு சொட்டுத் தண்ணி பாத்ததில்ல" என்று சொல்லி முடித்துவிட்டீர்கள்.

என் மௌனத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்ளுவேன். இந்தக் கடிதம் உங்கள் பேச்சைப் பற்றியது.

நான் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். "வாயத் தொறந்தா காத்துதான் வரும். இப்ப ஊருக்கே எழுதுதாளாம்" என்று அம்மாவிடம் சொல்லுவீர்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னதை இங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அச்சில் வந்தால் படிப்பகத்தில் நாலு பேராவது வாசிப்பார்கள். நாலு பேர் வாசித்ததை இல்லையென்று சொல்லுவது கொஞ்சம் கஷ்டம்.

நீங்கள் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தது வைகாசி மாதம். அம்பாசமுத்திரத்துப் பக்கம், வருஷம் முழுக்கத் தாமிரபரணி ஓடுகிற ஊரில் பிறந்த பெண்ணைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவர அதைவிட மோசமான மாதம் கிடையாது. வந்த மறுநாள் கிணற்றில் வாளியை விட்டீர்கள். அது இறங்கிக்கொண்டே போயிற்று. கயிறு முடியும் மட்டும் பொறுத்திருந்துவிட்டு, "ஏட்டி கோமு, உங்க கிணத்துல தண்ணி இருக்கா, இல்ல வாளிய இலங்கைக்கு அனுப்புதீகளா?" என்று கேட்டீர்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசிக்க யோசிக்க எனக்கும் கோபம்தான். எங்கள் ஊரை நாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம். நேற்று வந்தவள் பேசலாமா?

அப்போது எனக்கும் உங்களுக்கும் ஒரே வயது. அண்ணன் மனைவி என்பதால் நான் உங்களை 'நீங்க' என்றேன். நீங்கள் என்னை 'ஏட்டி' என்றீர்கள். மற்றபடி இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து ஒரே புத்தகத்தைப் படித்தோம். படித்தது நான், கேட்டது நீங்கள்.

நான் ஆறு பார்த்ததில்லை. அதை உங்களிடம் ஒத்துக்கொள்ளவே எனக்குக் கொஞ்சநாள் ஆயிற்று. படிப்பகத்திலிருந்து அண்ணன் கொண்டுவரும் புத்தகங்களில் எத்தனையோ ஆறுகள் இருந்தன. நைல் எங்கே பிறக்கிறது, வால்கா எங்கே போய்ச் சேருகிறது, கேட்டால் சொல்லுவேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிச்ச ஆத்துல கால நனைச்சியாக்கும்? நாக்கு வறண்டுபோய்க் கிடக்குத" என்றீர்கள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்து பெரியகுளம் நிரம்பிற்று. நிரம்பிய குளம் மறுகால் பாய்ந்து, மிச்சத் தண்ணீர் நெசவாளர் தெருவுக்குப் பின்னாலும் நம் வீட்டுக்குப் பின்னாலும் இறங்கி அடுத்த குளத்துக்குப் போகும். அதற்குத்தான் அந்த ஓடை. மற்ற மாதங்களில் அதில் ஆடு நடக்கும், சீமைக்கருவேலம் முளைக்கும், பிள்ளைகள் கிட்டி விளையாடும். நீங்கள் அடுக்களையில் தோசைக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். "என்ன சத்தம்ட்டி அது?" என்றீர்கள். "ஓடையில தண்ணி வருது மதினி" என்றேன். தோசைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினீர்கள். தோசை கருகிற்று. அம்மா கத்தினாள். நீங்கள் இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் நின்றுகொண்டு கையால் தண்ணீரை அறைந்து அறைந்து பார்த்தீர்கள்.

"ஏட்டி, இது ஆறுட்டி!"

"ஓடை மதினி. தை பிறந்தா வத்திரும்."

"வத்தினா வத்தட்டுமே. ஓடுத வரைக்கும் ஆறுதான்."

அந்த ஒரு பேச்சுக்காக நான் உங்களுக்கு என்ன வேண்டுமானாலும் தந்திருப்பேன். என் ஊருக்கு ஆறு இருக்கிறது என்று யாரும் அதற்கு முன் எனக்குச் சொன்னதில்லை.

தோணி உங்கள் யோசனைதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பனந்தோணிகள் இரண்டு கொல்லையில் கிடந்தன. பனைமரத்தைக் குடைந்து செய்தவை. அவற்றை அருகருகே போட்டு, குறுக்கே கம்பு வைத்து, பருத்தி மூட்டை கட்டும் கயிற்றால் இறுக்கிக் கட்டினீர்கள். துடுப்புக்குப் பனைமட்டை. அதன் ஓரத்துக் கருக்கை அரிவாளால் சீவிக் கொடுத்தீர்கள். மழை பெய்கிற மத்தியானங்களில் ஊர் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும். அண்ணன் பருத்திக் கடையில் இருப்பார். அம்மா கண்ணயர்வாள். அதுதான் நமக்கு நேரம்.

முதல் நாள் நான் மட்டையைப் போட்டதும் தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. "குழம்பா கிண்டுத? தண்ணியப் பின்னால தள்ளுட்டி. போகட்டும்னு விடு, அதுவா போகும்." மறுநாள் நெசவாளர் தெரு மட்டும் போனோம். அடுத்து குளத்தங்கரை வரைக்கும் போய், மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கூட்டிவந்த வேகத்தில் திரும்பினோம்.

மதினி, நான் பிறந்த ஊரை நான் அப்போதுதான் பார்த்தேன். தெருவில் நடக்கும்போது தலை குனிந்து நடக்க வேண்டும். வண்டி வந்தால் ஒதுங்க வேண்டும். யாராவது "யார் மக இது?" என்று கேட்பார்கள். தண்ணீரில் இருந்து பார்த்தால் எல்லா வீடும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. முருங்கை மரங்கள், உரல்கள், கவிழ்த்துப்போட்ட அண்டாக்கள், கொடியில் காயாத வேஷ்டிகள். பெரிய மச்சு வீட்டுக்காரர்களின் பின்சுவர் பூசாமல் செங்கல் தெரியக் கிடந்தது. ஓட்டுவீட்டுக்காரர்களின் பின்வாசலில் கோலம் இருந்தது. ஒரு வளைவில் திரும்பினால் கோயில் கோபுரம் மழைக்குள் கறுப்பாக நிற்கும். சாரலில் நனைந்துகொண்டே அதைப் பார்ப்பீர்கள். "உங்க ஊரு அழகுதான்ட்டி. வாசப்பக்கம் பாத்தாத்தான் அசிங்கம்" என்றீர்கள் ஒருநாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எத்தனையோ பட்டணங்களைப் பற்றிப் படித்து அங்கெல்லாம் பிறக்கவில்லையே என்று ஏங்கினவள் நான். அந்த மழைக்காலத்தில் அந்த ஏக்கம் இருந்த இடம் தெரியவில்லை.

நம்மைப் பார்த்தது ஒரே ஒருத்திதான். செல்லம்மாக்கா. புருஷன் இல்லாமல் தறி நெய்து பிள்ளைகளை வளர்த்தவள். தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட பானையைப் பின்வாசலில் கழுவிக்கொண்டிருந்தாள். நம் தோணி அவள் முன்னால் போய் நின்றது.

"எம்மா! ரெண்டு ராணியும் எங்க பட்டணப்பிரவேசம்?"

"யாருட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றேன்.

"எதச் சொல்ல? எனக்குக் கஞ்சிப் பானைதான் கண்ணுக்குத் தெரியுது." உள்ளே போய் அவித்த சீனிக்கிழங்கை இலையில் கொண்டுவந்து தோணியில் வைத்தாள். "தண்ணியில போறவளுக்குப் பசிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு நாம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் வீட்டுத் தறிச்சத்தம் ஒரு கணம் நிற்கும். நாம் கடந்ததும் திரும்ப ஆரம்பிக்கும். அதுதான் அவள் கையாட்டுவது.

ஓடைக்குப் பெயர் இல்லை என்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "பேரில்லாம எப்படி ஓடும்? உன் பேர வைப்போம். கோமதியாறு." வடக்கே ஏற்கனவே ஒரு கோமதி நதி இருக்கிறது என்றேன். "அது அவுக கோமதி. அவுக ஓட்டிக்கிடட்டும். இது நம்ம கோமதி" என்றீர்கள். அம்மன் பேரும் அதுதானே என்று பயந்தேன். "அப்ப ரொம்ப நல்லது. ரெண்டு பேருக்கும் சேத்து" என்றீர்கள்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? உங்களுக்கு மறந்திருக்காது. வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அந்த ஓடையில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று.

தை மாதம் ஓடை வற்றியது. மாசியில் அண்ணன் கிட்டங்கியைப் பின்பக்கம் நீட்டிக் கட்டப்போவதாகச் சொன்னார். பருத்தி வாங்கிப் போட இடம் போதவில்லை. பின்பக்கம் என்றால் ஓடை. அதை மேடாக்கிவிட்டால் அடுத்த தோட்டம் வரைக்கும் போகலாம். பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார். நெசவாளர் தெருக்காரர்கள் தடுத்தார்கள். குளத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் பள்ளத்தில் இருக்கிற தெரு அது. கீழே ஓடையை அடைத்தால் மழைத்தண்ணீர் திரும்பி அவர்கள் வீட்டுக்குள்தான் ஏறும். தரையில் குழி தோண்டி அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறவர்கள். வீட்டுக்குள் வருகிற தண்ணீர் முதலில் போய் நிற்கிற இடம் அந்தத் தறிக்குழிதான். அப்போது நூலும் பங்கீட்டில் அளந்துதான் கிடைத்தது. கிடைத்த நூலும் நனைந்தால் அந்த மாதம் அடுப்பு எரியாது.

பங்குனி வெயிலில் விசாரணை. கிராம முன்சீப்பும் பஞ்சாயத்துக்காரர்களும் நம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அண்ணன், "அது ஓடையா? ஆட்டுப்பாதை. தண்ணி வந்து எத்தனையோ வருஷமாச்சு" என்றார். நெசவாளர்கள், "வருஷா வருஷம் வருது அண்ணாச்சி" என்றார்கள். கத்திக் கத்தி எல்லோருக்கும் தொண்டை வறண்டது. எழுந்து நாலு அடி நடந்து வீட்டுச் சுவர்களின் பின்பக்கம் பார்த்திருந்தால், தண்ணீர் நின்ற உயரம் பாசிக்கோடாகத் தெரிந்திருக்கும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. பேசித் தீராவிட்டால் அம்மன் கோயில் புற்றுமண்ணை எடுத்துவந்து நெற்றியில் இட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்தது. அதற்குமேல் காகிதமும் வேண்டாம், கண்ணால் பார்க்கவும் வேண்டாம்.

"அண்ணாச்சி மண்ணெடுக்கட்டும்" என்றார் முன்சீப். அண்ணனுக்கு முகம் வெளுத்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடையில் எடை விஷயத்தில் என்ன செய்தாலும் அம்மன் என்றால் அவருக்குப் பயம். அப்போதுதான் செல்லம்மாக்கா முந்திக்கொண்டாள்.

"அவுக வேண்டாம், நாங்களும் வேண்டாம். அவுக வீட்டு மருமக வந்து சொல்லட்டும். ஆத்தங்கரையில பிறந்தவ. தண்ணி விஷயத்துல அவ பொய் சொல்ல மாட்டா."

"புருஷன் வீட்டுக்குத்தான பேசுவா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"அவ சொன்னா எங்களுக்குச் சம்மதம்" என்றாள். நம்மைத் தோணியில் பார்த்தவள். தன் தெரு முழுவதையும் உங்கள் வாயில் வைத்தாள்.

நீங்கள் வெளியே வந்தீர்கள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தீர்கள். மண்ணை எடுத்த கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட நான் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

நீங்கள் சொல்லி முடித்ததும் செல்லம்மாக்கா உங்களைப் பார்க்கவில்லை. நான் நின்ற ஜன்னலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. "தோணி விட்டியேம்மா" என்று கேட்டிருந்தால் வழக்கு அவள் பக்கம் திரும்பியிருக்கும். கேட்கவில்லை. தன் ஆட்களைப் பார்த்து, "வாங்கடே, சொல்லியாச்சுல்லா. போவோம்" என்று எழுந்தாள்.

சாயங்காலம் நீங்கள் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏன் மதினி?"

"என்ன ஏன்?"

"மண்ணெடுத்துப் பொய் சொன்னீங்களே."

பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள். "அது உங்க மண்ணுட்டி. எங்க ஊர்ல ஆத்துத் தண்ணியக் கையில அள்ளித்தான் சத்தியம் பண்ணுவோம். அள்ளச் சொல்லியிருந்தா அள்ளியிருக்க மாட்டேன்."

பூச்சரத்தை முடிந்துவிட்டு நீங்களே, "நானும் உங்கண்ணன் பக்கம் நிக்காட்டி வேற யாரு நிப்பா? போ, வெளக்கேத்து" என்றீர்கள்.

உங்க மண். அந்த இரண்டு வார்த்தையை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. நம்ம கோமதி என்று சொன்ன அதே வாய்தானே? அப்படியென்றால் தோணியில் உட்கார்ந்து என் ஊரை எனக்குக் காட்டிக்கொண்டே வந்தது யார்? விருந்துக்கு வந்தவளா? எனக்கு ஊர்மேல் ஆசையை உண்டாக்கிவிட்டு, அந்த ஆசை பிறந்த தண்ணீரே இல்லை என்று ஊர் நடுவில் நின்று சொல்ல எப்படி முடிந்தது?

அண்ணன் அந்த மாதமே மண் அடித்தார். செம்மண் வண்டி வண்டியாக வந்தது. நீங்கள் கர்ப்பமாக இருந்தீர்கள். வாந்தி, மயக்கம். உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டேன், எலுமிச்சங்காய் அரிந்து கொடுத்தேன். ஓடையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பனந்தோணிகளைப் பிரித்து மாட்டுத்தொழுவில் போட்டாயிற்று. வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு நீங்கள் வண்டி ஏறினபோது, "வாரேன்ட்டி கோமு. பிள்ளையோட வாரேன். அப்ப பேசுவோம்" என்றீர்கள்.

என்ன பேசியிருப்பீர்கள்? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. ஆவணியில் பிள்ளை பிறந்தது. பிறந்த கொஞ்ச நாளில் உங்களுக்குக் காய்ச்சல். தந்தி வந்து அண்ணனும் அம்மாவும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்ததாக அண்ணன் வந்து சொன்னார். அழுதேன் மதினி. ஒப்பாரி வைத்த பெண்களுக்கு நடுவில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன். அதில் பாதி கோபம் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா ஒருநாள் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே, "அவ உனக்காகத்தான் அப்படிச் சொன்னா" என்றாள். "தோணி விட்டது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஈரப் பாவாடையத் தொவச்சுக் காயப்போட்டது யாருன்னு நினைச்ச? மழை பெய்யுத நேரத்துல எந்தக் கிறுக்கி உறங்குவா?" என்றாள் அம்மா. "அந்தச் சமயம் உன்னக் கேட்டு இளையரசனேந்தல்ல இருந்து ஆளு வந்துட்டுப் போயிருந்தாக. தண்ணி வருதுன்னு அவ சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு சபையில கேப்பாக. தோணி கதை வெளிய வரும். அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிட்டுது. உனக்கு?"

இருக்கலாம். இதே காரணத்தைத்தான் செல்லம்மாக்காவும் பிறகு என்னிடம் சொன்னாள். ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டு தன் வழக்கைத் தோற்றாள். நீங்கள் வாயைத் திறந்து அவள் வழக்கைத் தோற்கடித்தீர்கள். இரண்டும் ஒன்றா? எனக்காக என்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. என் கல்யாணத்தை நிறுக்கிற தராசின் மறுதட்டில் ஒரு தெருவையே வைத்தால் எனக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கலாமே. அதுவும் போக, பூக்கட்டிக்கொண்டே நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் பக்கம் நிற்பதாகத்தான் சொன்னீர்கள். எது நிஜம்? அம்மா சொல்லுவது நீங்கள் போன பிறகு உங்களுக்குப் போர்த்திய கோடித்துணியாகவும் இருக்கலாம்.

இந்த வருஷ ஐப்பசிக்கு வருகிறேன். நல்ல மழை. குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. எனக்குப் படுக்கையில் அந்தச் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன். வழக்கமாக நம் கொல்லையைத் தாண்டிக் கீழே போகிற சத்தம், போகவில்லை. கிட்டங்கிச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் நெசவாளர் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். தறிக்குழிகள் நிறைந்து, பாவு நூல் கஞ்சி கரைந்து, சேறு பிடித்து மிதந்தது. செல்லம்மாக்கா வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. அவள் பிள்ளைகள் தறியின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒருத்தருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. அண்ணன் கிட்டங்கி மேட்டில் இருக்கிறது. பருத்தியில் ஈரம்கூடப் படவில்லை.

மறுபடி விசாரணை. அந்தத் தெருவிலேயே. முன்சீப் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். நான் போனேன் மதினி. தனியாகப் போனேன். கையில் புற்றுமண் கொண்டுபோனேன். அத்தனை ஆண்கள் முன்னால் அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, "இந்த ஓடையில வருஷா வருஷம் தண்ணி வரும். போன வருஷம் நானும் எங்க மதினியும் இதுல தோணி விட்டோம்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

முன்சீப் வருத்தமாகத்தான் பேசினார். "தாயி, ஒருத்தி மண்ணெடுத்துச் சொன்ன சொல்ல அவதான் வந்து திருப்பி எடுக்கணும். வேற ஆளு மண்ணெடுத்தா அது செல்லாது."

"மதினிதான் செத்துப்போயிட்டாகளே" என்றேன்.

"அதான் சொல்லுதேன். அப்ப அது நின்னுபோச்சு."

"அண்ணாச்சி, நீங்க நிக்கிறது எதுல?" என்று முன்சீப்பைக் கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். தண்ணீர் அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. "அது மழைத்தண்ணி தாயி" என்றார். "ஓடையில வந்ததுன்னு எப்படிச் சொல்ல? சத்தியம் இருக்கே."

செத்துப்போன ஒருத்தியைப் பொய்க்காரி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "செத்த துக்கம் ஆறல. அதுக்குள்ள அவளச் சபையில இழுக்கியாட்டி?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. அதைப் பார்த்ததும் நெசவாளர்களிலேயே இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதோடு விசாரணை முடிந்தது. உயிரோடு இருந்திருந்தால் என்றைக்காவது நீங்கள் மனம் மாறியிருப்பீர்கள். உங்கள் கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிவந்திருப்பேன். நீங்கள் செத்ததால் உங்கள் பொய்க்குச் சாவில்லாமல் போயிற்று. இதையும் எனக்கு வைத்துவிட்டுப் போனீர்களே, மதினி.

செல்லம்மாக்கா சேற்றுக்காலோடு வந்து என் தோளைப் பிடித்தாள். "இத அன்னைக்கே நான் சொல்லியிருப்பேன் பிள்ள. நீ கல்யாணமாகி நல்லபடியாப் போகணும்னுல்லா வாய மூடிட்டிருந்தேன். இப்ப நீயே வந்து கெடுத்துக்கிட்டியே" என்று சொல்லிச் சிரித்தாள். வீடு விழுந்து கிடக்கிறது, அவளுக்குச் சிரிப்பு வந்தது. இளையரசனேந்தல்காரர்கள் அடுத்த வாரமே ஆள் சொல்லி அனுப்பினார்கள். "தோணி விடுத பிள்ளையக் கூட்டிட்டுப்போனா எங்க ஊர்ல எதுல விடும்? அங்கன குடிக்கவே தண்ணி கிடையாது" என்றார்களாம். அம்மா அழுதாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. புத்தகம் கொண்டுவருவதும் நின்றுவிட்டது. உங்கள் மகளைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தூங்கவைப்பது நான்தான். சிரிக்கிறாள். உங்களைப் போலவே ஒரு பக்கமாகச் சிரிக்கிறாள். அவளைப் பார்க்கும்போது உங்கள்மேல் கோபத்தைத் தூக்கிப்பிடிப்பது சிரமமாக இருக்கிறது. ஆனாலும் இறக்கி வைக்க மனமில்லை. இறக்கி வைத்தால் அந்தத் தெருவில் வேறு யார் அதைத் தூக்குவார்கள்?

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் மகள் விவரம் தெரிந்து "எங்கம்மா எப்படி இருப்பா?" என்று கேட்கிற நாளில், பெயரில்லாத தண்ணீருக்குப் பெயர் வைத்தவள் என்று சொல்லுவேன். அதே தண்ணீரை இல்லையென்று சத்தியம் செய்தவள் என்றும் சொல்லுவேன். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்கமாட்டேன். இந்த ஊர் உன் ஊர், இந்த மண் உன் மண் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்படி வளர்ப்பேன். அதற்குப் பிறகு உங்களை அவள் என்ன செய்துகொள்ளுகிறாளோ அது அவள் பாடு.

ஓடை திறக்கப்படவில்லை. தை பிறந்ததும் செல்லம்மாக்கா தறிச்சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிள்ளைகளோடு புளியங்குடிக்குப் போய்விட்டாள். தெருவில் பாதிக்குமேல் அவளுக்குப் பின்னாலேயே போனார்கள். காலியான அந்த வீடுகளில் இப்போது அண்ணன் பருத்திக்கொட்டை போட்டு வைத்திருக்கிறார்.

உங்கள் நாத்தனார்,
கோமதி